கடைசித் தளத்தில் ஷவர் ஏன் சொட்டுகிறது?

அனைவருக்கும் வணக்கம்.

ரியல் எஸ்டேட்டில் இணைய மார்க்கெட்டிங்கை ஒரு தொழிலாக அமைத்துக்கொள்வது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். வந்திருப்பவர்களில் பாதிப்பேர் தரகர்கள், மீதிப்பேர் எழுதத் தெரிந்து வேலை தேடுகிறவர்கள் என்று நினைக்கிறேன். இரு தரப்புக்கும் என்னிடம் இருப்பது ஒரே சரக்குதான். வீடு வாங்கப்போகிறவர் நேரில் கேட்கத் தயங்கும் கேள்விக்கு யார் எழுத்தில் பதில் வைத்திருக்கிறாரோ, அவரைத் தேடித்தான் போன் வரும்.

இதை நான் முதல் நாளே தெரிந்துகொண்டு வந்துவிடவில்லை. ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு விளம்பர வாசகம் எழுதித்தான் தொடங்கினேன். 'இயற்கை எழில் சூழ்ந்த, நகரின் மையத்தில் அமைந்த உங்கள் கனவு இல்லம்.' எழில் சூழ்ந்த இடம் எப்படி நகரின் மையத்தில் இருக்கும் என்று எழுதிய எனக்கும் உறைக்கவில்லை, கையெழுத்துப் போட்ட மேலாளருக்கும் உறைக்கவில்லை. படித்தவர்களுக்கு மட்டும் உறைத்தது போலிருக்கிறது. ஒருவரும் கூப்பிடவில்லை.

அப்புறம் ஒரு நாள் ஒரு தம்பதியை ஐந்தாவது மாடி வீட்டைக் காட்ட அழைத்துப் போனேன். அதுதான் கடைசித் தளம். கணவர் பால்கனியில் நின்று காற்று வாங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா நேராகக் குளியலறைக்குப் போய் ஷவரைத் திறந்தார். தண்ணீர் நூலிழையாக வந்தது. "தொட்டி தலைக்கு மேலேதானே இருக்கிறது, ஏன் இப்படி வருகிறது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. "பார்க்கச் சொல்கிறேன் மேடம்" என்று சமாளித்தேன். அவர்கள் அந்த வீட்டை வாங்கவில்லை.

சாயங்காலம் ஒரு பிளம்பரைப் பிடித்துக் கேட்டேன். அவர் சிரித்தார். தொட்டி பக்கத்தில் இருப்பதுதான் சிக்கலே என்றார். தண்ணீரின் அழுத்தம் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் கிடைக்கும், பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு. ஷவரைவிடத் தொட்டி 3 மீட்டர்தான் மேலே என்றால் கிடைப்பது 0.3 பார். தொட்டிக்கு 15 மீட்டர் கீழே இருக்கும் தரைத்தளத்துக்காரருக்கு அதே தொட்டியிலிருந்து 1.5 பார் கிடைக்கும். கடைசித் தளத்துக்கு அழுத்தம் கூட்டும் பம்ப் வைக்கலாம், தொட்டியைத் தூண் போட்டு உயர்த்தலாம். பம்ப் வைத்தால் அதன் சத்தம் எந்த அறைக்குக் கேட்கும், பழுதானால் யார் செலவு என்பதை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அன்றிரவு உட்கார்ந்து இதை அப்படியே எழுதினேன். அலங்காரம் எதுவும் இல்லை. ஒரு கட்டடத்தைக் கோடு போட்டு வரைந்து, எந்தத் தளத்துக்கு எவ்வளவு அழுத்தம் என்று பக்கத்தில் குறித்தேன். என் இணையதளத்தில் போட்டுவிட்டு மறந்தும்விட்டேன்.

சில மாதங்கள் கழித்து கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்து பார்த்தேன். எந்தச் சொல்லைத் தேடியவர்கள் நம் பக்கத்துக்கு வந்தார்கள் என்று காட்டும் இலவசக் கருவி அது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் பழக வேண்டியது அதைத்தான். என் பட்டியலில் இருந்தவை இவை: 'ஷவரில் தண்ணீர் மெதுவாக வருகிறது'. 'மேல் மாடி தண்ணீர் பிரஷர்'. 'கடைசி மாடி வீடு வாங்கலாமா'. 'கனவு இல்லம்' என்று ஒரு மனிதர்கூடத் தேடி வரவில்லை.

'கடைசி மாடி வீடு வாங்கலாமா' என்ற வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பதில் எழுத எனக்கு நாலு தடவை அந்தக் கட்டடத்துக்குப் போகவேண்டியிருந்தது. வெயில் காலத்தில் மதியம் மூன்று மணிக்குப் போய் மேற்கூரையில் கை வைத்துப் பார்த்தேன். மழை பெய்த மறுநாள் போய்ச் சுவர் மூலைகளைப் பார்த்தேன். ஒரு அறையில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது பெயிண்ட் அடித்திருந்தது. அங்கே ஈரம் கசிந்திருக்கிறது என்று அந்தச் சுவரே சொன்னது. மொட்டை மாடி யாருக்குச் சொந்தம், அதில் தளம் போடும் செலவை எல்லோரும் பகிர்வார்களா என்று குடியிருப்போர் சங்க விதிகளை வாங்கிப் படித்தேன். எழுதி முடித்தபோது வாங்கலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. எந்த மாதத்தில், எந்த நேரத்தில் போய் எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். இன்று வரை எனக்கு அதிக விசாரணை கொண்டுவருவது அந்தக் கட்டுரைதான்.

கேள்விகளுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். உங்கள் போனிலேயே இருக்கின்றன. வாடிக்கையாளர் அனுப்பிய பழைய வாட்ஸாப் செய்திகளைத் திறந்து, கேள்விக்குறி உள்ளவற்றை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு வருடத்துக்கான தலைப்புகள் தேறும்.

குறுக்கு வழியில் போய் அடி வாங்கிய கதையும் சொல்லியாக வேண்டும். ஒரே கட்டுரையில் குடியிருப்புப் பகுதியின் பெயரை மட்டும் மாற்றி மாற்றி அறுபது பக்கம் போட்டவன் நான். ஒவ்வொரு பெயரைத் தேடுகிறவரும் என்னிடம் வருவார் என்று கணக்கு. இதற்கு டோர்வே பக்கங்கள் என்று பெயர், கூகுள் இதை ஸ்பாம் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. 2011 பிப்ரவரியில் தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் முறையில் பாண்டா என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தபோதே மேம்போக்காக எழுதிக் குவித்த இணையதளங்கள் பல சரிந்தன. 2015 மார்ச்சில் டோர்வே பக்கங்களுக்கென்றே தனி அறிவிப்பு வந்தது. என் அறுபது பக்கங்களும் தேடலில் இருந்து காணாமல் போயின. போனது நல்லதுதான். அவற்றை நானே இரண்டாம் முறை படித்ததில்லை.

இப்போது அறுபது என்ன, ஆறாயிரம் பக்கம்கூட ஏஐ ஒரு மணி நேரத்தில் எழுதித் தரும். அப்படியானால் நமக்கு என்ன வேலை என்ற பயம் உங்களில் பலருக்கு இருக்கிறது, எனக்கும் இருந்தது. 2024 மே மாதம் கூகுள் அமெரிக்காவில் தேடல் முடிவுகளுக்கு மேலேயே ஏஐ பதிலைக் காட்டத் தொடங்கியது. 'கடன் வாங்குமுன் கவனிக்க வேண்டிய பத்து விஷயங்கள்' மாதிரியான கட்டுரையை இனி யாரும் தேடிவந்து படிக்கப்போவதில்லை. ஆனால் 2022 டிசம்பரிலேயே, பக்கங்களின் தரத்தை மதிப்பிடுகிறவர்களுக்கான வழிகாட்டியில் 'அனுபவம்' என்ற அளவுகோலைக் கூகுள் சேர்த்திருந்தது. எழுதியவர் நேரில் பார்த்தாரா, பயன்படுத்தினாரா என்று கேட்கும் அளவுகோல் அது. ஏஐயால் மேற்கூரையில் கை வைத்துப் பார்க்க முடியாது, உங்களால் முடியும். அந்த அறுபது பக்கம் போட்ட காலத்தில் இதைச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

ஒன்றை மட்டும் எழுதவே எழுதாதீர்கள். அடுத்த வருடம் விலை இவ்வளவு ஏறும் என்ற ஆரூடம். அமெரிக்காவில் வீட்டு விற்பனை இணையதளம் நடத்தும் ஜில்லோ நிறுவனத்திடம் இருந்த வீட்டு விலைத் தரவு நம்மில் யாரிடமும் இல்லை. அதை நம்பி வீடுகளைத் தானே வாங்கி விற்கத் தொடங்கியது. 2021 நவம்பரில் அந்தப் பிரிவையே மூடுவதாக அறிவித்தது. விலையைக் கணிப்பது எதிர்பார்த்ததைவிட மிகக் கடினமாக இருக்கிறது என்று காரணம் சொன்னது. அவர்களாலேயே முடியாததை நாம் ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்? இதுவரை என்ன விலைக்குக் கைமாறியது என்று பதிவான கணக்கைக் காட்டுங்கள், போதும்.

எழுதும்போது வீட்டை வர்ணியுங்கள், அதில் யார் குடியிருக்க வேண்டும் என்று வர்ணிக்காதீர்கள். அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டு நியாய வீட்டுவசதிச் சட்டம், இனம் மதம் பார்த்து ஆள் தேர்ந்தெடுக்கும் விளம்பர வாசகத்தையே தடை செய்தது. 'இன்னாருக்கு மட்டும்' என்று எழுதுவது எங்கேயும் அசிங்கம்தான், சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

சரி, பணம். தரகராக இருந்தால் கட்டுரை உங்களுக்கு விசாரணை கொண்டுவரும், கமிஷன் வழக்கம்போல வரும். எழுத்தாளராக இருந்தால் தரகர்களுக்கும் கட்டுமான நிறுவனங்களுக்கும் மாதச் சம்பளத்துக்கோ கட்டுரைக்கு இவ்வளவு என்றோ எழுதலாம். வாசகரை இன்னொரு தரகரிடம் அனுப்பிப் பங்கு வாங்குவது மூன்றாவது வழி. பல நாடுகளில் உரிமம் இல்லாதவர் அப்படி வாங்க முடியாது, முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பங்கு வாங்கினால் அதை அந்தக் கட்டுரையிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்ல ஆரம்பித்த பிறகு விசாரணை குறையவில்லை.

எழுதியதை எங்கே வைப்பது என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டபோது, அதன் வழியாகப் படித்துவந்த வாசகர்களை எழுதுகிறவர்கள் பலர் இழந்தார்கள். முகநூலில் எழுதுங்கள், வீடியோ போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மூலப்பிரதி உங்கள் சொந்த முகவரியில் இருக்கட்டும், வாசகர்களின் மின்னஞ்சல் பட்டியல் உங்கள் கையில் இருக்கட்டும். வீடு வாங்குகிறவர் முதல் தேடலிலிருந்து கையெழுத்து வரை பல மாதங்கள் எடுத்துக்கொள்வார். அதுவரை அவருக்கு நினைவூட்டிக்கொண்டிருக்க அந்தப் பட்டியல்தான் வழி.

எவ்வளவு காலத்தில் வருமானம் வரும் என்று இடைவேளையில் ஒரு தம்பி கேட்டார். எனக்கு முதல் போன் வர ஏழு மாதம் ஆனது. அதுவும் வீடு வாங்க இல்லை. ஷவர் கட்டுரையைப் படித்துவிட்டு, அந்தப் பிளம்பரின் நம்பர் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டார். கொடுத்தேன். போன் செய்த அவர் தன் வீட்டை விற்க என்னிடம் வந்தது அதற்கு ஒன்றரை வருடம் கழித்து.

பின்வரிசையில் ஒரு அம்மா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். மைக்கை அவரிடம் கொடுங்கள்.