ஏலத்தில் கூடுதல் விலை கேட்பவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் கவுண்டி, அதாவது மாவட்ட அளவிலான, விவசாயக் கண்காட்சி என்றதும் பலருக்கும் ராட்டினமும் பொரித்த தின்பண்டங்களும்தான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது அங்குள்ள கால்நடைக் கொட்டகையைப் பற்றியும், அதற்குப் பணமும் நேரமும் கொடுக்கிறவர்களைப் பற்றியும்.

1902-இல் ஒஹாயோ மாநிலத்தின் கிளார்க் கவுண்டியில், ஏ.பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் சிறுவர் சிறுமியரைச் சேர்த்து, சோளமும் காய்கறியும் பயிரிடும் மன்றம் ஒன்றைத் தொடங்கினார். 4-எச் என்ற சிறுவர் இயக்கத்துக்கு அதுவே வித்து. விவசாயம் படிக்கும் மாணவர்களுக்கான எஃப்.எஃப்.ஏ. என்ற அமைப்பு 1928-இல் கான்சாஸ் சிட்டியில் பிறந்தது.

இந்த இரண்டு அமைப்புகளிலும் உள்ள பிள்ளைகள் பன்றிக்குட்டியையோ ஆட்டையோ கன்றையோ மாதக்கணக்கில் வளர்க்கிறார்கள். தீவனச் செலவு, கூடிய எடை எல்லாம் கணக்கு நோட்டில் ஏறியாக வேண்டும். கண்காட்சியில் நடுவர் முன் நடத்திக் காட்டிய பிறகு, கடைசியில் ஏலம்.

அந்த ஏலத்தைப் பார்க்க வேண்டும். மரத்தூள் பரப்பிய வளையத்துக்குள் பத்து வயதுச் சிறுமி கையில் குச்சியுடன் பன்றியை ஓட்டி வருகிறாள். ஏலம் விடுகிறவர் மூச்சு விடாமல் விலையை ஏற்றுகிறார். சந்தையில் 200 டாலர் பெறும் பன்றி 1,000 டாலருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தவர் உள்ளூர்த் தீவனக் கடைக்காரராக இருப்பார். அல்லது வங்கி, டிராக்டர் விற்பவர், பல் மருத்துவர். பல இடங்களில் அவர் பன்றியைக் கொண்டுபோவதுகூட இல்லை. அது சந்தை விலைக்கே இறைச்சிக்கூடத்துக்குப் போய்விடும். மீதி 800 டாலர் அவர் கைக்காசு. சிலர் இறைச்சியை உணவு வங்கிக்குக் கொடுத்துவிடுவார்கள். சிறுமிக்கு அந்தப் பணம் அடுத்த குட்டிக்கோ கல்லூரிப் படிப்புக்கோ ஆகும்.

இதில் விளம்பரமும் வியாபாரமும் கலந்திருக்கிறதே என்பார்கள். கலந்துதான் இருக்கிறது, அதனால் என்ன? கோயில் திருவிழாவுக்கு உபயம் தரும் கடைக்காரரிடம் நாம் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

என் மனக்குறை வேறு. பாராட்டும் கேடயமும் பெருந்தொகை கொடுத்தவரைத்தான் முதலில் தேடிப் போகின்றன. விடியற்காலையில் எடை மேடையருகே நின்று, முரண்டு பிடிக்கும் மாடுகளை ஒவ்வொன்றாக ஏற்றி, காதில் தொங்கும் எண்ணைச் சரிபார்த்து எழுதுகிறவருக்குச் சம்பளம் கிடையாது. தன் பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போன பிறகும் ஊர்ப்பிள்ளைகளுக்காக மன்றக் கூட்டம் நடத்தும் அம்மாவுக்கும் கிடையாது.

ஏலம் முடிந்ததும், வாங்கியவருக்குப் பிள்ளை தன் கைப்பட நன்றிக் கடிதம் எழுத வேண்டும் என்பது பல கண்காட்சிகளில் விதி. சில இடங்களில் கடிதத்தைக் காட்டினால்தான் காசோலை கைக்கு வரும். அதே விதியில் எடை மேடைக்காரருக்கும் ஒரு கடிதத்தைச் சேர்த்துவிடலாம். செலவு, ஒரு தாளும் ஒரு தபால்தலையும். வணக்கம்.