புலம்புகிறவருக்கு உடனே புத்தி சொல்லாதீர்கள்

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் நம்ம சுங்கை சிப்புட்டில் மன உளைச்சலைப் பற்றிப் பேசவேண்டும் என்றால் ரப்பர் தோட்டத்திலிருந்துதான் ஆரம்பிக்க முடியும். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டில் சண்டை என்றால் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும், அடுப்பு எரியவில்லை என்றாலும் தெரிந்துவிடும், விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஒருவர் வரவில்லை என்றால் சாயங்காலத்துக்குள் யாராவது போய் என்ன ஏது என்று விசாரித்துவிடுவார்கள். வம்பும் இருந்தது, குடியும் வறுமையும் இருந்தன, அதை மறைக்கவேண்டாம். ஆனால் ஒருவர் யாருக்கும் தெரியாமல் நொந்துபோவது கஷ்டம். இப்போது தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிக்கும் அடுக்குமாடிக்கும் வந்துவிட்டோம், கேட்டைப் பூட்டிவிட்டால் பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறதென்றே தெரிவதில்லை.

துணை இருந்தால் மூளையே வேறு மாதிரி வேலை செய்கிறது. 2006இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கோன், திருமணமான 16 பெண்களிடம் லேசாக ஷாக் அடிக்கப்போகிறது என்று சொல்லி மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். கணவர் கையைப் பிடித்திருந்தபோது, ஆபத்து என்றதும் பரபரக்கிற மூளைப் பகுதிகள் அடங்கியிருந்தன. முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்தபோதும் ஓரளவு அடங்கின. அந்தக் கணவர் ஷாக்கை நிறுத்தவில்லை, அறிவுரை சொல்லவில்லை, கையை மட்டும்தான் பிடித்திருந்தார்.

நாம் என்ன செய்கிறோம்? வேலை போய்விட்டது என்று ஓர் அண்ணன் சொல்லி முடிப்பதற்குள், "நேரம் சரியில்லை, கோயிலுக்குப் போய்ட்டு வா", "அவனெல்லாம் சமாளிக்கலையா?" என்று ஆரம்பித்துவிடுகிறோம். அடுத்த தடவை அவர் வாயைத் திறக்கமாட்டார். சம்சு என்கிற மலிவுச் சாராயப் பாட்டிலைத் தேடுவார், இல்லையென்றால் ஆலோங் என்கிற கந்துவட்டிக்காரரிடம் கைநீட்டுவார், அப்புறம் அந்தக் கடன் ஒரு தனி உளைச்சல். தயவுசெய்து முதலில் முழுசாகக் கேளுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பதும் போதாது, யாரும் சொல்லமாட்டார்கள். "வியாழக்கிழமை அம்மாவை நான் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறேன், நீ இன்டர்வியூவுக்குப் போ" என்று சொல்லிப் பாருங்கள், அவர் முகமே மாறும்.

பணக் கஷ்டத்துக்கு வெறும் ஆறுதல் பத்தாது என்பதையும் சொல்லியாகவேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வேலையும் குடியிருந்த வீடும் சேர்ந்தே கைவிட்டுப் போகிற நிலை வந்தபோது, இந்த ஊரில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். அந்த அளவுக்கு வேண்டாம், நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வீட்டின் இரண்டு மாத வாடகையைப் பார்த்துக்கொண்டால்கூட அந்த வீட்டில் தூக்கம் திரும்பிவிடும்.

சரி, சொல்ல வீட்டில் ஆளே இல்லை என்றால்? சுகாதார அமைச்சின் ஹீல் என்கிற மனநல உதவி எண் 15555. மனக்கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்கிற பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள், போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்தே பல காலம் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவை 2023இல் எடுத்துவிட்டார்கள். இதை உங்கள் வீட்டில், குறிப்பாக ஆண்பிள்ளைகளிடம், இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.