பெட்ரோல் வரியை எதிர்ப்பவர் விட்டுவிடும் பாதிக் கேள்வி

அனைவருக்கும் வணக்கம்.

பிரிட்டன் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு வண்டி வரியைப் போல வசதியான ஆயுதம் கிடைப்பது அரிது. வருமான வரியைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள், பலருக்கு அது கண்ணில் படுவதே இல்லை. பெட்ரோல் வரி அப்படியல்ல. பங்க்கில் நிற்கும்போது கண்ணெதிரே மீட்டர் ஓடுகிறது. நிரப்பிக்கொண்டு வெளியே வந்தால் ரோடு குண்டும் குழியுமாக இருக்கிறது. "இவ்வளவு கட்டுகிறீர்களே, அந்தப் பணமெல்லாம் எங்கே போகிறது?" என்று கேட்டாலே போதும், கூட்டம் கைதட்டும்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேட்கிறவர் பெரும்பாலும் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார். வரியைக் குறைத்தால் எந்தச் சேவைக்குப் பணம் குறையும், அதை யார் ஈடுகட்டுவார் என்ற மீதிப் பாதியை அவர் தொடுவதில்லை. என் புகார் அதுதான்.

முதலில் பணம் போகும் வழியைப் பார்த்துவிடுவோம். 1909 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் பெட்ரோலுக்கு கேலனுக்கு 3 பென்ஸ் வரி போட்டார். கார்களுக்குக் குதிரைத்திறன் கணக்கில் தனி வரி வந்தது. இந்தப் பணம் சாலைக்கே செலவாகும் என்பது அன்றைய வாக்குறுதி. 1920-இல் அதற்கென்றே சாலை நிதி ஒன்று உருவானது. பணம் சேரச் சேர நிதியமைச்சர்களுக்குக் கை சும்மா இருக்குமா? 1926-இல் வின்ஸ்டன் சர்ச்சில் அந்த நிதியிலிருந்து எடுத்துப் பொதுச்செலவில் சேர்த்தார். வண்டிக்காரர்கள் கட்டிய வரி வண்டிக்காரர்களுக்கே சொந்தம் என்ற வாதம் நாடாளுமன்றத்தின் அதிகாரத்தையே அவமதிப்பது என்பது அவர் நிலைப்பாடு. 1937-இல் வரிக்கும் சாலைக்கும் இருந்த நேரடித் தொடர்பு அறுந்தது, 1950-களின் நடுவில் நிதியின் பெயரும் போய்விட்டது.

இன்று எரிபொருள் வரி மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 கோடி பவுண்டு. அதற்கும் மேலே 20% மதிப்புக்கூட்டு வரி, அதாவது வரிக்கே வரி. எல்லாம் ஒரே பொதுக் கணக்கில் சேர்ந்து மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் ஓய்வூதியத்துக்கும் பிரிகிறது. உங்கள் தெருவில் இருக்கும் பள்ளத்தை அடைக்க வேண்டியதோ உள்ளூர் மன்றம். அது உள்ளூர் வரியையும் மத்திய அரசின் மானியத்தையும் வைத்துக் காலம் தள்ளுகிறது. வரி வாங்குகிறவர் ஒருவர், பள்ளத்துக்குத் திட்டு வாங்குகிறவர் வேறொருவர். இந்த இடைவெளியைப் பிடித்து ஆட்சியை உலுக்கும் எதிர்க்கட்சிக்காரர்தான் எனக்குப் பிடித்தவர். அப்படி அதிகம் பேர் இல்லை.

இனி 2000-ஆம் ஆண்டுக்கு வருவோம். இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எதிர்க்கட்சிக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வந்ததே இல்லை.

செப்டம்பர் மாதம். லிட்டர் பெட்ரோல் 80 பென்ஸ் அளவில் இருக்கிறது, அதில் முக்கால் பங்கு வரி. செஷயர் பகுதியிலுள்ள ஸ்டான்லோ சுத்திகரிப்பு ஆலையை விவசாயிகளும் லாரிக்காரர்களும் மறிக்கிறார்கள். மறியல் மற்ற ஆலைகளுக்கும் பரவுகிறது. சில நாட்களில் பங்க்குகள் வறண்டுபோகின்றன, சில மருத்துவமனைகள் அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைக்கின்றன. டோனி பிளேரின் லேபர் கட்சி அரசு ஆடிப்போகிறது. 1992-க்குப் பிறகு முதல்முறையாகக் கருத்துக்கணிப்புகளில் கன்சர்வேட்டிவ் கட்சி முன்னுக்கு வருகிறது. எதிர்க்கட்சித் தலைவர் வில்லியம் ஹேக். வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்த வரியை ஏற்றிவிட்டது யார்? விலைவாசி உயர்வுக்கு மேலே ஆண்டுதோறும் 3% கூட்டுவோம் என்று 1993-இல் ஆரம்பித்தவர் கன்சர்வேட்டிவ் நிதியமைச்சர் நார்மன் லமான்ட். அதே ஆண்டு கென் கிளார்க் அதை 5% ஆக்கினார். லேபர் ஆட்சியின் கார்டன் பிரவுன் 1997-இல் 6% ஆக்கினார், 1999-இல் அந்தத் தானியங்கி ஏற்றத்தைக் கைவிட்டார். ஆக, ஹேக் எதிர்த்த வரியில் பெரும்பகுதி அவருடைய கட்சி நட்ட செடி. இதை அவர் முதலிலேயே ஒப்புக்கொண்டு பேசியிருந்தால் அவருடைய வாதம் பலப்பட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

அவர் செய்தது வேறு. 2001 தேர்தல் அறிக்கையில் லிட்டருக்கு 6 பென்ஸ் குறைப்பு என்று அறிவித்தார். அப்படியானால் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் எதை வெட்டுவீர்கள் என்று லேபர் திருப்பிக் கேட்டது. அதற்குள் மறியல் சூடும் தணிந்துவிட்டது. லேபருக்கு 413 இடம், கன்சர்வேட்டிவ்களுக்கு 166. பெட்ரோல் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பங்க்கில் கொந்தளித்த மக்கள், வாக்குச்சாவடியில் மருத்துவமனையையும் சேர்த்தே எண்ணிப்பார்த்தார்கள் என்று நினைக்கிறேன்.

2008-இல் நடந்ததைப் பாருங்கள். அதிகப் புகை விடும் கார்களின் ஆண்டு வரியை உயர்த்த அரசு திட்டமிட்டது. 2001-லிருந்து வாங்கிய கார்களுக்கும் அது பாயும் என்றார்கள். ஏற்கெனவே வாங்கிவிட்ட வண்டிக்குப் பின்னால் வந்து விதியை மாற்றுவதா என்று எதிர்க்கட்சி கேட்டது, லேபர் உறுப்பினர்களே சிலர் சேர்ந்து கேட்டார்கள். நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் பின்வாங்கினார். இங்கே எதிர்ப்பு குறி தவறாமல் இருந்தது. வரியே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, இந்த முறை அநியாயம் என்றார்கள்.

எதிர்க்கட்சியில் இருந்தபோது சொன்னதை ஆட்சியில் செய்துகாட்டிய கதையும் உண்டு. எண்ணெய் விலை ஏறினால் வரி இறங்க வேண்டும் என்று 2008-இல் பேசிய கன்சர்வேட்டிவ் கட்சியின் ஜார்ஜ் ஆஸ்போர்ன், 2011-இல் நிதியமைச்சராக 1 பென்ஸ் குறைத்தார். அதற்கான பணத்தை வட கடல் எண்ணெய் நிறுவனங்களின் கூடுதல் வரியை 20 சதவீதத்திலிருந்து 32 ஆக்கித் தேடினார். எண்ணெய்க் கம்பெனிகள் கத்தின. அது வேறு விஷயம். யார் தருகிறார் என்று சொன்னாரே, அதற்கு நான் மதிப்பெண் போடுவேன்.

அப்புறம் நடந்தது மதிப்பெண்ணுக்கு உரியதல்ல. 2011-இலிருந்து 2025 வரை இந்த வரி ஒருமுறைகூட ஏறவில்லை. 2022-இல் 5 பென்ஸ் குறைந்து 52.95 பென்ஸ் ஆனது. ஆனால் அடுத்த ஆண்டு ஏறும் என்றே பட்ஜெட் கணக்குகளில் எழுதிவந்தார்கள். வராத வரியைக் காட்டிக் கணக்கைச் சரிசெய்வது மாறி மாறி வந்த ஆட்சிகளின் வாடிக்கையானது. இதைப் பிடித்து எதிர்க்கட்சி வரிசையில் விடாமல் கேட்டவர்கள் குறைவு. கேட்டால் "அப்படியானால் ஏற்றச் சொல்கிறீர்களா?" என்பார்களே, அந்தப் பயம்தான். இங்கிலாந்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு வீட்டில் கார் இல்லை. அந்த வீட்டுக்காரர்கள் பஸ் கட்டணம் ஏறும்போது யாரைப் பார்ப்பது?

மின்சாரக் கார்கள் பெருகினால் எரிபொருள் வரி தானாகவே கரையும். 2028 ஏப்ரல் முதல் மின்சாரக் கார்களுக்கு மைலுக்கு 3 பென்ஸ் என்று நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் 2025 நவம்பரில் அறிவித்தார். இதை எதிர்த்துப் பேசுபவர்களைக் கவனியுங்கள். கரைந்துபோகும் பணத்துக்குப் பதில் எது என்று அவர்களிடம் கேளுங்கள். முடிந்தால் உள்ளூர் மன்றத்துக்கு அதில் எவ்வளவு என்றும் கேட்டுவையுங்கள்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். சரி, கேள்விகளுக்கு வருவோம்.