முள்ளிவாய்க்கால் நடந்தப்போ ஐ.நா. என்ன செஞ்சுது?

ஒரு தம்பி கேட்டிருக்கார்: "2009-ல இலங்கைப் போரோட கடைசிக் கட்டத்துல முள்ளிவாய்க்கால்ல அத்தனை பேர் செத்தப்போ ஐ.நா.வுக்கு விஷயமே தெரியாதா?"

தெரியும் தம்பி. தெரியாமப் போயிருந்தா மனசாவது ஆறும்.

2008 செப்டம்பர்ல, பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாதுன்னு இலங்கை அரசு சொன்னதும் ஐ.நா. வெளிநாட்டு ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பிட்டாங்க. போகாதீங்கன்னு ஜனங்க வாசல்ல நின்னு கெஞ்சினாங்க. அதுக்கப்புறம் அங்க நடந்ததைப் பார்க்க வெளி ஆள் கிட்டத்தட்ட யாருமே இல்லை.

அப்பவும் ஐ.நா. ஊழியர்கள் சாவு எண்ணிக்கையைத் திரட்டிக்கிட்டுத்தான் இருந்தாங்க. மேலிடம் அதை வெளியிடத் தயங்குச்சு. 2009 மார்ச் 13-ல ஐ.நா. மனித உரிமைகள் ஆணையர் நவி பிள்ளை மட்டும் வெளிப்படையா சொன்னாங்க, ஜனவரி 20-லேர்ந்து 2,800 பேர் வரைக்கும் இறந்திருக்கலாம்னு. இன்னொரு எண்ணிக்கையையும் அழுத்திச் சொல்லணும். போர் நடக்கிற பகுதிக்குள்ள மாட்டியிருக்கிறது 70,000 பேர்தான்னு அரசு சொல்லுச்சு. கடைசியில முகாம்களுக்கு வந்து சேர்ந்தவங்க கிட்டத்தட்ட 2,90,000 பேர்! குறைச்சுச் சொன்ன அந்தக் கணக்கை வச்சுத்தான் சோறும் மருந்தும் உள்ள போச்சு. புலிகளும் ஜனங்களை வெளியேற விடலை, தப்பி ஓடினவங்களைச் சுட்டாங்க. ஐ.நா. நிபுணர் குழு 2011-ல ரெண்டையும் பதிவு பண்ணியிருக்கு. 40,000 பேர் வரை இறந்திருக்கலாம்னும் சொல்லியிருக்கு.

பாதுகாப்பு கவுன்சில் இதை முறைப்படி ஒரு தடவைகூட நிகழ்ச்சி நிரல்ல சேர்க்கலை. போர் முடிஞ்சு பத்தே நாள்ல, 2009 மே 27-ம் தேதி, ஜெனீவா மனித உரிமைகள் கவுன்சில்ல இலங்கையைப் பாராட்டுற மாதிரி ஒரு தீர்மானம் 29-க்கு 12-ன்னு ஜெயிச்சுது. நம்ம இந்தியாவும் ஆதரிச்சு ஓட்டுப் போட்டுச்சு. அது எனக்கு இன்னைக்கும் வலிக்குது. 2012-லயும் 2013-லயும் இந்தியா இலங்கைக்கு எதிரா வாக்களிச்சுது, 2014-ல நடுநிலைன்னு ஒதுங்கிடுச்சு.

அப்ப சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் ஏன் விசாரிக்கலைன்னு கேட்பீங்க. அந்த நீதிமன்றத்தை உருவாக்கின ரோம் சட்டத்துல இலங்கை சேரவே இல்லை. அதனால பாதுகாப்பு கவுன்சில்தான் விஷயத்தை நீதிமன்றத்துக்கு அனுப்பி வைக்கணும், ஆனா கவுன்சில்ல வீட்டோ, அதாவது தீர்மானத்தைத் தடுக்கிற அதிகாரம், குறுக்க நிக்குது.

2021-லேர்ந்து ஐ.நா. சாட்சியங்களைத் திரட்டிச் சேமிக்குது. காணாமப் போன பிள்ளைங்க எங்கன்னு கேட்டு 2017 பிப்ரவரியில கிளிநொச்சியில போராட்டத்துல உட்கார்ந்தாங்களே அம்மாமார், அவங்கள்ல பல பேர் பதில் கிடைக்காமலேயே இறந்துட்டாங்க.