14 மெசின் யூனிட், ரெண்டு ஆர்டர், சனிக்கிழமை சம்பளம்

வணக்கமுங்க, திருப்பூர்ல சின்னதா டீசர்ட் தையல் யூனிட் வெச்சிருக்கேன், அங்கிருந்துதான் பேசறேன், பின்னாடி ஓவர்லாக் தையல் மெசின் சத்தம் கேட்டா மன்னிச்சுக்குங்க, ஞாயித்துக்கிழமை வீடியோ எடுக்கலாம்னு பாத்தா அன்னைக்குத்தான் கரண்ட் இல்ல.

கமெண்ட்ல நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ஆர்டர் திரும்ப வர ஆரம்பிச்சிருச்சே, புது மெசின் போடலாமா, ஆள் சேக்கலாமான்னு. எங்கதையவே சொல்றேன். 2022 மே மாசம் பஞ்சு ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, லட்ச ரூபாயத் தாண்டிருச்சு, நூல் விலை ஏறிப்போச்சு, அப்புறம் ஐரோப்பாக்காரன் வாங்கறதையே குறைச்சுட்டான். எங்க லைன்ல 14 மெசின்ல 6 தான் ஓடுச்சுங்க. இப்ப ஓடுது, ஆனா ஓடுதுன்னு நம்பி காலை அகல வெக்க முடியல.

இதுல என்னன்னா, ஒரே வாரத்துல ரெண்டு ஆர்டர் வந்துச்சு. ஒண்ணு எக்ஸ்போர்ட் கம்பெனி, டீசர்ட் தையல் கூலி பீசுக்கு 12.50, பணம் 90 நாள் கழிச்சு. இன்னொண்ணு எங்க ஊர் பனியன் மார்க்கெட் காதர்பேட்டை பார்ட்டி, 12 ரூபா, சனிக்கிழமையானா காசு கைல. நான் 12.50-க்குத்தான் தலையாட்டினேன், எங்க வீட்டம்மா கால்குலேட்டரை எடுத்துட்டு வந்து உக்காந்துட்டாங்க. அவங்க போட்ட கணக்கு இது: நமக்கு வாராவாரம் சம்பளம் மட்டும் 55 ஆயிரம், அதுக்கு கைமாத்து வாங்குனா மாசம் நூத்துக்கு ரெண்டு வட்டி, மூணு மாசத்துக்கு 6 ரூபா, அப்ப 12.50-ல 75 காசு வட்டிக்கே போச்சு, மிச்சம் 11.75. இதுல தையல் சரியில்லைன்னு டெபிட் நோட் போட்டு பில்லுல காசைப் பிடிச்சா இன்னும் கீழ. பெரிய கம்பெனி பேருக்கு ஆசப்பட்டு நான்தான் அவனுக்கு வட்டியில்லாம கடன் குடுத்திருப்பேன், பாருங்க.

காதர்பேட்டையே எடுத்துக்கிட்டோம். நூலைத் தானா வெட்டற புது ஆட்டோ டிரிம் மெசின் வேண்டாம்னு தள்ளி வெச்சாச்சு. ஆனா பேட்லாக், அதாவது டீசர்ட் கை, கீழ் ஓரமெல்லாம் மடிச்சுத் தைக்கிற மெசின், அதை அடிக்கிற அண்ணன் ஒருத்தர் இருக்கார், அவர் பொண்ணு காலேஜ் பீஸுக்கு அட்வான்ஸ் கேட்டார், யோசிக்காம குடுத்துட்டேன். மெசின் எப்ப வேணா வாங்கிக்கலாம், கை சுத்தமான பேட்லாக் டைலர் பக்கத்து யூனிட்டுக்குப் போயிட்டார்னா மொத்த லைனும் பெஞ்சுல உக்காந்திருக்கும்.

அப்புறம் இந்த 45 நாள் சட்டம். நீங்க உத்யம்ல, அதாவது சிறு தொழிலுக்கான அரசாங்கப் பதிவுல, பதிஞ்ச சிறு யூனிட்டா இருந்தா, வேலை குடுத்தவர் 45 நாளுக்குள்ள பணம் தரணும், எழுத்துல ஒப்பந்தமே இல்லைன்னா 15 நாள். தரலைன்னா அந்தத் தொகைய அந்த வருஷ இன்கம்டாக்ஸ்ல செலவாக் காட்ட முடியாது, எப்பக் குடுக்கறாங்களோ அந்த வருஷம்தான். இந்த இன்கம்டாக்ஸ் விதி 2024 ஏப்ரல்ல இருந்து அமல்ல இருக்குங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரு பார்ட்டி எங்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா, "தம்பி, உத்யமைக் கேன்சல் பண்ணிட்டு வா, வேலை தர்றேன்". நான் பண்ணல. பழைய வேலைக்கான 1,86,000 இன்னும் அவர்கிட்டதான் நிக்குது, போன் பண்ணா மீட்டிங்காம்.

நாளைக்குக் காலைல 9 மணிக்கு அவரு ஆபீஸ்ல போய் உக்காரப் போறேனுங்க, டிபன் பாக்ஸோட.