கைக்கெட்டும் தூரத்தில் ஒரு நூல்

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, பள்ளி விட்ட கையோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

நூலகர் தினமாகிய இன்று வாசிப்புப் பழக்கத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். வாசித்தால் அறிவு வளரும், சொல்வளம் பெருகும், மதிப்பெண் கூடும் என்பதையெல்லாம் இந்தப் பிள்ளைகள் பலமுறை கேட்டிருப்பார்கள். அவை உண்மைதான். ஆயினும் பயனை முன்னே நிறுத்தி எவரையும் வாசகராக்கிவிட முடியாது என்றே நான் கருதுகிறேன். இன்பம் முதலில் வரவேண்டும். அந்த இன்பம் மறுநாளும் நம்மை நூலிடம் இழுத்துவர வேண்டும். அப்படி நாள்தோறும் வந்து பழகியவருக்கு, அவர் கேளாமலே பயன் வந்து சேர்கிறது. பண்புடையாரின் நட்பு பழகப் பழக இனிப்பதைச் சொல்ல வந்த திருவள்ளுவர், கற்கக் கற்க இனிக்கும் நூலின் நயத்தை உவமையாக வைத்தார். தெரிந்ததைக் காட்டித்தானே தெரியாததை விளக்குவோம்? நூலின்பம் கேட்போர் அனைவரும் அறிந்தது என்று அவர் நம்பியிருக்கிறார். அதை எண்ணும்போதெல்லாம் என் மனம் நிறைகிறது.

நான் படித்த பள்ளியிலும் நூல்கள் இருந்தன. கண்ணாடிக் கதவிட்ட அலமாரியில், பூட்டிய நிலையில். ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் அந்தப் பூட்டு திறக்கும். மற்ற நாள்களில் நூல்களின் முதுகில் இருந்த தலைப்புகளைக் கண்ணாடி வழியே படித்து, உள்ளே என்ன இருக்கும் என்று நானே கற்பனை செய்துகொள்வேன். எட்டாம் வகுப்பு விடுமுறையில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போய், எவரிடமும் கேட்காமல் நானே கையை நீட்டி அடுக்கிலிருந்து ஒரு நூலை உருவி எடுத்த அந்த மாலையில்தான் நான் வாசகனானேன்.

அந்தக் கைநீட்டலுக்குப் பின்னால் ஒரு மனிதரின் உழைப்பு இருந்தது என்பது வெகுநாள் கழித்தே எனக்குத் தெரிந்தது. 1892-இல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். மாணவர்களின் ஆரவாரத்துக்குப் பழகியவருக்கு நூலகத்தின் தனிமை தாங்கவில்லை. வகுப்பறைக்கே திரும்பிவிட விரும்பினார். பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றவர், அங்கே நூலகங்கள் எல்லாத் தரப்பு மக்களுக்கும் பயன்படுவதைக் கண்ட பிறகே மனம் மாறினார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. இது சொல்லவும் வேண்டுமா என்று தோன்றும். பூட்டிய அலமாரிக்கு முன்னால் நின்ற சிறுவனைக் கேட்டுப் பாருங்கள், சொல்லத்தான் வேண்டும் என்பான்.

அதே 1931-இல்தான் மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் போயின. கனகசபைப் பிள்ளை என்பவர் முயன்று அமைத்த நடமாடும் நூலகம் அது. நூலைத் தேடி மக்கள் வரட்டும் என்று காத்திராமல், மக்களைத் தேடி நூல் போயிற்று. பின்னர் 1948-இல், அரங்கநாதனின் இடைவிடாத முயற்சியால் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. வீட்டு வரியோடு சேர்த்து நாம் கட்டும் நூலக வரி அச்சட்டம் தந்தது. ஆகவே இங்குள்ள நூல்கள் எவரும் நமக்குப் பிச்சையாகத் தந்தவையல்ல. நாம் வரி கட்டி வாங்கியவை. இதைப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பயனைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். நாவல் ஒன்றை ஒரு வாரம் தொடர்ந்து வாசிப்பவர், தம் வாழ்வில் ஒருபோதும் சந்திக்க வாய்ப்பில்லாத ஒருவரின் மனத்துக்குள் ஏழு நாள் குடியிருந்து, அவர் ஏன் பொய் சொன்னார், ஏன் அழாமல் இருந்தார் என்பதை உள்ளிருந்தே அறிகிறார். பக்கத்து வீட்டாரைச் சட்டென்று எடைபோட அதன்பின் அவருக்கு மனம் வராது. இதற்கு நாளுக்கு அரைமணி நேரம் போதும். ஆனால் அந்த அரைமணி நாள்தோறும் ஒரே வேளையில் அமைய வேண்டும். இரவு உணவுக்குப் பின் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு அமர்வது என் வழக்கம்.

ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது அரங்கநாதனின் மூன்றாம் விதி. சென்ற ஆண்டு இதே நூலகத்தின் கீழடுக்கில் ஏரிப் பாசனத்தைப் பற்றிய பழைய நூல் ஒன்றை எடுத்தேன். பின்னட்டையின் உட்புறம் ஒட்டியிருந்த தாளில் கடைசியாகப் பதிந்திருந்த தேதி பதினொரு ஆண்டுகளுக்கு முந்தையது. அத்தனை காலம் தூசியில் காத்திருந்த நூலை வாசித்துத் திருப்பித் தந்தேன். போன வாரம் மீண்டும் அதைத் தேடியபோது அடுக்கில் காணவில்லை. யாரோ எடுத்துப் போயிருக்கிறார் என்று நூலகர் சொன்னார்.