கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுகிறவர்கள் எத்தனை பேர்? கூச்சப்படாமல் கை தூக்குங்கள். சரி, பாதிக்கு மேல் நம் ஆட்கள்தான். தலையங்கம் படிக்கிறவர்களுக்காக வேறொரு நாள் வேறொருவர் பேசுவார். இன்று விளையாட்டும் சினிமாவும் மட்டும்.

நான் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் விளையாட்டுப் பக்கம் பார்த்தவன். அந்த வேலையில் தீராத எரிச்சல் ஒன்று உண்டு. மேட்ச் முடிவதற்குள் பக்கத்தை முடித்தாக வேண்டும். ஐ.பி.எல். ஆட்டம் இரவு 7.30 மணிக்குத் தொடங்கி 11.30 வாக்கில் முடிகிறது. பேப்பர் அச்சாகி, கட்டுக் கட்டி, வேனில் ஏறி, விருத்தாசலத்துக்கும் காட்டுமன்னார்கோவிலுக்கும் விடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். அதனால் தூரத்து ஊர்களுக்குப் போகும் பதிப்பு முன்பே அச்சுக்கு ஏறிவிடும். அதில் முதல் இன்னிங்ஸ் ஸ்கோரோடு செய்தி நின்றுபோகும். சென்னையில் வாங்கும் அதே பேப்பரில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படமே வந்திருக்கும். மறுநாள் காலை ஏஜென்ட் போன் போட்டு, ‘யார் ஜெயிச்சாங்கன்னு கூடப் போட மாட்டீங்களா சார்?’ என்று கேட்பார். என்ன பதில் சொல்வது?

பாரிஸ் ஒலிம்பிக்கை நினைத்துப் பாருங்கள். 2024 ஆகஸ்ட் 8, ஈட்டி எறிதல் இறுதிப் போட்டி. நம் நேரப்படி இரவு 11.55 மணிக்குத்தான் தொடங்கியது. நீரஜ் சோப்ரா 89.45 மீட்டர் எறிந்து வெள்ளி வாங்கினார். பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்து, ஒலிம்பிக் சாதனையோடு தங்கத்தைக் கொண்டுபோனார். சீக்கிரம் அச்சுக்குப் போன பதிப்பில் இது எப்படி வரும்? 2014 உலகக் கோப்பைக் கால்பந்தில் ஜெர்மனி பிரேசிலை 7-1 என்று நொறுக்கிய அரையிறுதி, நமக்கு அதிகாலை 1.30 மணிக்கு ஆரம்பித்த ஆட்டம். அது பேப்பரில் வந்து சேர்ந்தபோது டீக்கடையில் பேசியே முடித்துவிட்டிருந்தார்கள்.

இணையத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. இந்தியாவில் முதன்முதலில் இணையத்துக்குப் போன நாளிதழ் சென்னையின் ‘தி இந்து’தான், 1995இல். ஆனால் இணையத்தில் வேறொரு தொல்லை வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘பிரபல வீரர் எடுத்த திடீர் முடிவு!’ என்று கைபேசி டிங் என்கிறது. யார் அந்த வீரர், என்ன முடிவு என்பது தொட்டால்தான் தெரியும்.

இதை இணையம் கண்டுபிடித்த கெட்ட பழக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பெட்டிக்கடையில் தொங்கும் போஸ்டருக்கு வாசகம் எழுதியவர்கள் எங்கள் ஆட்கள்தான். ‘நடிகை கண்ணீர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, எந்த நடிகை என்பதை உள்பக்கத்தில் ஒளித்துவைப்பது எங்களுக்குக் கைவந்த கலை. ஆனால் கெடிலம் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அன்றைக்கு ஒரே போஸ்டர்தான் தொங்கும். இப்போது கைபேசி ஆளுக்கொரு போஸ்டர் எழுதுகிறது. ஒரு நடிகையின் கல்யாணச் செய்தியை அசந்து ஒரு தரம் தொட்டுவிட்டீர்கள் என்றால், அப்புறம் ஒரு வாரத்துக்குக் கோடம்பாக்கத்துக் கல்யாணமெல்லாம் உங்கள் கைக்குள் நடக்கும்.

இதிலிருந்து தப்பிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. அதற்குச் செய்தியோடை என்று பெயர், ஆர்.எஸ்.எஸ். என்பார்கள். இரண்டு பேர் நிமிர்ந்து உட்காருகிறீர்கள், அரசியல் ஒன்றும் இல்லை! 1999இல் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவான தொழில்நுட்பம் இது. உருவாக்கியவர்களில் ஒருவரான ஆர்.வி. குஹா நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். பத்திரிகையின் சர்வரில் ஒரு சின்னக் கோப்பு இருக்கும். அதில் தலைப்பு, இரண்டு வரிச் சுருக்கம், செய்திக்குப் போகும் இணைப்பு, வெளியான நேரம், அவ்வளவுதான். புதுச் செய்தி வந்தால் மேலே ஏறும், பழையது அடியில் கழன்று விழும். ஃபீட்லி, இனோரீடர், ஃபீடர் போன்ற ஒரு செயலியை வைத்துக்கொண்டு, வேண்டிய ஓடைகளின் முகவரியை அதில் கொடுத்துவிட்டால் போதும். அது அவ்வப்போது போய்ப் பார்த்து எடுத்துவரும். நீங்கள் போன வாரம் எதைத் தொட்டீர்கள் என்பது அந்தக் கோப்புக்குத் தெரியாது. உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரே வரிசை, நேர வரிசை. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

கூகுள் ரீடர் என்று ஒன்று 2005இல் வந்தது, 2013 ஜூலை 1ஆம் தேதி மூடிவிட்டார்கள். அதோடு ஓடையும் வற்றிவிட்டது என்று பலர் நினைத்தார்கள். மூடியது வாசிக்கிற கருவி ஒன்றைத்தான். பத்திரிகைகள் பலவும் ஓடையை இன்னும் வெளியிட்டுக்கொண்டுதான் இருக்கின்றன, விளம்பரப்படுத்துவதில்லை, அவ்வளவே.

ஒரு பத்திரிகையின் மொத்த ஓடையையும் எடுத்துவிடாதீர்கள், திணறிப்போவீர்கள். பிரிவு பிரிவாக எடுங்கள். ‘தி இந்து’வில் விளையாட்டுக்குள்ளேயே கிரிக்கெட், கால்பந்து என்று தனித்தனி ஓடை உண்டு. பி.பி.சி. தமிழ் எல்லாவற்றையும் ஒன்றாகத் தருகிறது. பந்துக்குப் பந்து ஸ்கோர் பார்ப்பதற்கு ஓடை உதவாது. அது இடைவெளி விட்டுத்தான் புதுப்பிக்கும். கட்டணச் செய்தியையும் அது இலவசமாக்கிவிடாது. தலைப்பும் சுருக்கமும் வரும், தொட்டால் சந்தா கேட்கும். கேட்கட்டும், எழுதினவருக்கும் சம்பளம் வேண்டும் அல்லவா?

சினிமா ஓடையில்தான் கஷ்டம். ஒரு படத்தின் ஃபர்ஸ்ட் லுக் வந்தால், பி.ஆர்.ஓ. அனுப்பிய அதே பத்தி நான்கு பத்திரிகைகளிலும் வரும், உங்கள் செயலியில் நான்கு முறை வரிசையாக நிற்கும். அப்புறம் டீசர் தேதி, டிரெய்லர் தேதி, ஓ.டி.டி. தேதி. தேதி அறிவிக்கப்போகும் தேதிக்குக்கூட ஒரு செய்தி! நான் விமர்சனம், பேட்டி இரண்டுக்கும் தனி ஓடை தருகிற பத்திரிகைகளை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். மற்றதைத் தம்பி தங்கைகள் எப்படியும் எனக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

ஓடையில் ஒரு குறை எனக்கு உறுத்துகிறது. பக்கம் போட்டவன் என்பதால் இருக்கலாம். 2024 டிசம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரில் குகேஷ் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலகச் செஸ் சாம்பியன் ஆனார். அச்சுப் பக்கத்தில் அதற்கு எத்தனை பத்தி அகலம், எவ்வளவு பெரிய படம் என்று ஒருவர் உட்கார்ந்து எடை போடுகிறார். ஓடையில் அதுவும் ஒரு வரி, ஒரு கிரிக்கெட் வீரரின் புதுத் தாடியும் ஒரு வரி. எது பெரியது என்று பத்திரிகை சொல்லும் தீர்ப்பு அங்கே காணாமல் போகிறது. ஆகவே காலையில் அச்சுப் பேப்பரை, இல்லாவிட்டால் இ-பேப்பரை, ஒரு பார்வை பார்க்காமல் எனக்குத் தீராது.

அடுத்தது நம் ஊர் விஷயம். பக்கத்துப் புதுச்சேரி அணி 2018-19 பருவத்திலிருந்து ரஞ்சிக் கோப்பையில் ஆடுகிறது. புதுச்சேரியை ஒட்டிய துத்திப்பட்டு மைதானத்தில் நடக்கும் அந்த ஆட்டங்கள் தமிழ் விளையாட்டு ஓடைகளில் அபூர்வமாகத்தான் தலைகாட்டுகின்றன. கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் பள்ளிப் பிள்ளைகளின் தடகளப் போட்டி, கிராமத்துக் கபடிப் போட்டி எல்லாம் விளையாட்டு ஓடையில் வருவதே இல்லை. அந்தச் செய்திகளை நிருபர் எழுதத்தான் செய்கிறார். ஆனால் இணையத்தில் அவை ‘மாவட்டம்’ என்ற பிரிவுக்குள் போய், குடிநீர்க் குழாய் உடைப்புக்கும் மனு நீதி நாளுக்கும் நடுவில் உட்கார்ந்துவிடுகின்றன. எனவே உங்கள் பிள்ளை மாவட்ட அளவில் ஓடுகிறான் என்றால், விளையாட்டு ஓடையை நம்பாதீர்கள், மாவட்டச் செய்தி ஓடையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கேயும் கிடைக்காவிட்டால் அச்சுப் பேப்பரின் உள்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். பிள்ளையின் பெயர் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

இந்தக் கூட்டத்தில் நிருபர் நண்பர்கள் சிலர் இருக்கிறீர்கள், கவனித்தேன். உங்கள் டெஸ்க்கில் சொல்லுங்கள்: கடலூர்க் கபடிச் செய்தியை இணையத்தில் ஏற்றும்போது ‘மாவட்டம்’ என்பதோடு ‘விளையாட்டு’ என்ற கட்டத்திலும் ஒரு டிக் போடச் சொல்லுங்கள். கூடுதல் செலவு ஒன்றும் கிடையாது. செயலியைக் கைபேசியில் ஏற்றிக்கொள்ள விரும்புகிறவர்கள் டீ குடித்துவிட்டு இந்தப் பக்கம் வாருங்கள், கூட உட்கார்ந்து செய்து தருகிறேன். நன்றி, வணக்கம்.